இடியோசை கேட்ட பிள்ளை: பேரொலி அச்சமும் படநூல்களும்

மெய்ப்பாடுகள் எட்டெனக் கூறிய தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்பன அவை. ஆழ்ந்து நோக்குவார்க்கு இந்நான்கும் பெரும்பாலும் வளர்ந்தோர்க்குரிய அச்சங்களே என்பது புலனாகும். கள்வன் இன்னான் என்றும், அரசன் சினந்தால் விளைவது இன்னதென்றும் அறிந்தவனே அவற்றுக்கு அஞ்சுதல் கூடும். தொட்டிலிற் கிடக்கும் குழந்தை இவற்றுள் எதனையும் அறியாது. புலியின் படத்தைக் காட்டினாலும் கைநீட்டிச் சிரிக்கும். ஆயின் அடுக்களையில் ஒரு பித்தளைக் குடம் தவறி விழுந்தால், அக்குழந்தையின் உடல் முழுவதும் அதிர்கின்றது. இரு கைகளையும் விரித்து வீரிட்டு அழுகின்றது. அறிவு தோன்றுமுன்னரே தோன்றும் அச்சம் இது.

'இடி கேட்ட நாகம்போல' என்பது நம்மிடையே வழங்கும் உவமை. நாகத்துக்கு அதனை உரைத்த நம் முன்னோர், தம் இல்லத்துப் பிள்ளையின் நடுக்கத்தைக் கண்டே அவ்வுவமையை அமைத்தனரோ என்று எண்ணத் தோன்றும். இவ்வச்சம் பெரும்பாலும் வயது ஏற ஏறத் தணிவது. எனினும் அது தணியும் வழியிற் பெரியோர் செய்யும் உதவியும் உண்டு, ஊறும் உண்டு. சென்ற நூறாண்டுகளிற் சிறுவர் உளவியலார் கண்ட உண்மைகளும், அதே காலத்தில் எழுந்த சில படநூல்களும் இத்துறையில் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நல்ல துணையாவன. அவை எவ்வாறு துணையாகின்றன, எவ்விடத்தில் அவற்றின் ஆற்றல் முடிவுறுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சத்தின் இயல்பு

பிறந்த குழந்தையைத் திடீர் ஓசையோ திடீர் அசைவோ தாக்கும்போது, அது கைகளை அகல விரித்துப் பின் எதனையோ தழுவுவதுபோல் ஒன்றுசேர்க்கின்றது. இவ்வனிச்சைச் செயலை 1918 ஆம் ஆண்டில் ஏர்ன்ஸ்ற் மோரோ என்னும் குழந்தை மருத்துவர் விரித்துரைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் அது மறைந்துவிடும். எனினும் எதிர்பாராத ஓசைக்குத் திடுக்கிடும் இயல்பு வாழ்நாள் முழுவதும் நம்முடன் இருப்பது. அது உயிரைக் காக்கும் பொருட்டு இயற்கை அளித்த காவல்.

இவ்வியல்பான திடுக்கீடு நிலையான அச்சமாக மாறுவது எங்ஙனம்? 1920 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாற்சன், றேய்னர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடை தேடிற்று. அல்பேட் என அவர்கள் பெயரிட்டழைத்த பதினொரு மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடக் கைநீட்டும்போதெல்லாம், அதன் பின்னால் ஓர் உருக்குக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைகளுக்குள் அக்குழந்தை எலியைக் கண்ட அளவிலேயே அழத் தொடங்கியது. முன்பு விளையாடிய முயலைக் கண்டும் அஞ்சியது. பேரொலி அச்சம் ஒலியோடு நின்றுவிடாமல், ஒலியோடு சேர்ந்துவரும் பொருள்களையும் பற்றிக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்பட்டது. ஆனால் அக்குழந்தைக்கு ஊட்டிய அச்சத்தை நீக்காமலே அவர்கள் ஆய்வை முடித்தனர். அறிவு வளர்ச்சிக்குப் பயன்பட்டதாயினும், இக்காலத்து அறநெறி எதுவும் இத்தகைய ஆய்வுக்கு இடங்கொடாது.

1935 இல் கொலம்பியப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஜேர்சில்ட், ஹோம்ஸ் என்போர் சிறுவர் அச்சங்களை விரிவாக ஆராய்ந்தனர். ஓசைக்கும் ஓசையெழுப்பும் பொருள்களுக்கும் அஞ்சுதல் மிக இளம் பருவத்தில் மிகுந்தும், வயது ஏற ஏறக் குறைந்தும் வருவதை அவர்கள் கண்டனர். இருள், பேய், தனிமை முதலிய கற்பனை சார்ந்த அச்சங்களோ பின்னர் மிகுகின்றன.

ஓசைக்கு மட்டும் இத்தகைய ஆற்றல் ஏன்? கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. விரும்பாத காட்சியைக் காணாமலிருக்கக் குழந்தை கண்ணை மூடிக்கொள்ளலாம். விரும்பாத ஓசை மூடிய கைகளையும் ஊடுருவி வரும். மேலும் ஓசை வருகின்றது. அதனை எழுப்பியது எதுவெனக் குழந்தைக்குத் தெரிவதில்லை. வானத்தில் எவரும் இல்லை. எனினும் வானம் உறுமுகின்றது. எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்பதும் அதன் கையில் இல்லை. தப்ப இயலாமை, காரணம் அறியாமை, கட்டுப்படுத்த இயலாமை ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே பேரொலி அச்சம் எனலாம். இம்மூன்றையும் நினைவிற் கொண்டால், படநூல் செய்யும் உதவி எளிதில் விளங்கும்.

பயன் தராத வழிகளும் பயன் தரும் வழிகளும்

நம் வீடுகளிற் பொதுவாகக் கையாளப்படும் வழிகள் சில உண்டு. "இதற்கும் பயமா? நீ ஆம்பிளைப் பிள்ளை அல்லவா?" என்று நகைப்பது ஒன்று. பழகட்டும் என்று பிள்ளையை இழுத்துச்சென்று வெடி கொளுத்துமிடத்தில் நிறுத்துவது மற்றொன்று. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று கூறி அதனைப் பேசவே விடாமல் அடக்குவது இன்னொன்று. ஜேர்சில்டும் ஹோம்சும் அச்சம் நீக்கும் முறைகளையும் ஒப்புநோக்கினர். இகழ்தல், வலிந்து உட்படுத்தல், புறக்கணித்தல் என்பன சிறிதே பயன் தந்தன. அஞ்சிய பொருளைப் பிள்ளை தானே படிப்படியாக அணுகவும், அதனைக் கையாளும் திறமையைப் பெறவும் உதவுவதே பெரும்பயன் தந்தது.

இதற்கு முன்னோடியாக விளங்கியது 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வாகும். பீற்றர் என்னும் சிறுவன், ஆய்வு தொடங்கியபோது மூன்று வயது நிரம்பாதவன், முயலுக்குப் பெரிதும் அஞ்சினான். அவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூட்டிலடைத்த முயலைத் தொலைவில் வைத்தார் அவ்வம்மையார். நாள்தோறும் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர்ந்தார். அஞ்சாத பிற சிறுவர்களையும் அவனோடு இருக்கச் செய்தார். இறுதியிற் பீற்றர் முயலைத் தடவி மகிழ்ந்தான். வாற்சன் அச்சத்தைக் கட்டினார்; ஜோன்ஸ் அம்மையார் அம்முடிச்சை அவிழ்க்கும் முறையைக் காட்டினார்.

பின்னர் 1967 இல் அல்பேட் பண்டூராவும் துணைவர்களும், நாய்க்கு அஞ்சிய பாலர்கள் தம்மையொத்த ஒரு சிறுவன் அஞ்சாது நாயோடு விளையாடுவதைப் பலமுறை பார்த்தபோது அவர்தம் அச்சம் குறைந்ததைக் கண்டனர். அடுத்த ஆண்டில், நேரிற் காட்டாது திரைப்படமாகக் காட்டியபோதும் பயன் விளைந்தது. பிறிதொரு பிள்ளையின் துணிவைப் படத்திற் காண்பதும் பிள்ளைக்குத் துணிவு தரும் என்பது இதனால் உறுதியாயிற்று. படநூல் நுழையும் வாயில் இதுவே.

படநூலின் ஆற்றல்

சிறுவர்க்கான படநூல்களின் வரலாற்றிற் கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658 இல் நூறன்பேர்க் நகரில் வெளியிட்ட நூல் முதன்மையானது. அதன் தொடக்கத்தில் எழுத்துகளின் ஒலி, விலங்கு பறவைகளின் குரலைக் கொண்டு கற்பிக்கப்பட்டுள்ளது. முதலிற் கரையும் காகம் நிற்கின்றது. ஓசையைப் படமாக்கி, அப்படத்தைக் கொண்டு ஓசையைப் பிள்ளையின் வாயிற் பிறப்பிக்கும் முறை, இவ்வாறு முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. நூலைக் கொண்டு மனநோவைத் தணிக்கும் முறைக்கு 'நூல்வழி மருத்துவம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அமெரிக்கக் கட்டுரையாளர் சாமுவேல் குறொதேர்ஸ் 1916 இல் ஆக்கினார்.

பேரொலி அச்சத்துக்குப் படநூல் ஏற்றதாவது அதன் அமைதியினாலேயே. நூலிலுள்ள இடி முழங்குவதில்லை. மின்னல் தாளிற் கிடக்கின்றது. பிள்ளை அதன்மேல் விரலை வைக்கலாம். இடி எப்போது வரவேண்டும் என்பதைத் தாளைப் புரட்டும் கை முடிவு செய்கின்றது. வேண்டாமென்றால் நூலை மூடலாம். மீண்டும் வேண்டுமென்றால் முன்பக்கத்துக்குச் செல்லலாம். இடியை எழுப்பியது முகில் என்பதைப் படம் காட்டுகின்றது. முன்னர்க் கூறிய தப்ப இயலாமை, காரணம் அறியாமை, கட்டுப்படுத்த இயலாமை என்னும் மூன்றும் இங்கே தலைகீழாகின்றன. ஜோன்ஸ் அம்மையார் முயலைத் தொலைவில் வைத்ததுபோல, நூல் ஓசையைத் தொலைவில் வைக்கின்றது. உண்ணும் உணவின் இன்பத்துக்கு ஈடாக, இங்கே தாயின் மடி அமைகின்றது.

நான்கு நூல்கள்

ஆங்கில மொழியில் எழுந்த நான்கு நூல்களை எடுத்துக்காட்டாக நோக்குவோம்.

முதலாவது, மார்கிறற் வைஸ் பிறவுண் எழுதி, லெனாட் வைஸ்காட் படம் வரைந்து 1939 இல் வெளிவந்த 'ஓசை நூல்'. மவின் என்னும் சிறுநாயின் கண்ணிற் கரித்துகள் விழுந்தமையால் மருத்துவர் கண்ணைக் கட்டிவிடுகின்றார். பார்க்கவியலாத மவின் வீட்டிலும் நகர வீதியிலும் எழும் ஓசைகளைக் காதால் மட்டும் கேட்டு, அவை எவற்றின் ஓசைகள் என்று அறிந்துகொள்கின்றது. நூல் கேட்கும் பிள்ளையை வினாவுகின்றது. பிள்ளை விடை கூறுகின்றது. இந்நூல் அச்சம் நீக்குதற்கென எழுதப்பட்டதன்று. எனினும் ஓசைக்குப் பெயரிடப் பழக்குகின்றது. பெயர் தெரிந்த ஓசை அரைப்பங்கு அச்சத்தை இழந்துவிடுகின்றது. பாலர் தம்மைச் சூழ்ந்த அன்றாட உலகைப் பற்றியே கேட்க விரும்புவர் என்னும் கொள்கையுடைய நியூயோர்க் பாங்க் ஸ்றீற் பள்ளியிற் பயின்றவர் பிறவுண் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது, பிராங்ளின் பிறான்லி 1964 இல் எழுதிய இடி மின்னல் பற்றிய அறிவியல் நூல். நியூயோர்க்கில் உள்ள ஹேடன் கோளரங்கிற் பணியாற்றிய இவ்வானியலார், இடி தோன்றும் முறையைச் சிறுவர்க்குரிய எளிய நடையில் விளக்கினார். மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசு வரை, அதாவது ஞாயிற்றின் மேற்பரப்பைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு, கணப்பொழுதிற் சூடேறுகின்றது. அவ்வாறு சூடேறிய காற்று வெடித்து விரிவதே இடி. எவரும் சினந்து உறுமவில்லை என்பதைப் பிள்ளை அறிவதே பெரிய ஆறுதல்.

மூன்றாவது, மேரி ஸ்ரோல்ஸ் எழுதி, பற் கமிங்ஸ் படம் வரைந்து 1988 இல் வெளிவந்த 'இரவிற் புயல்'. புயலால் மின்விளக்கு அணைந்த வீட்டில் தொமஸ் என்னும் சிறுவனும் பாட்டனாரும் ஒரு பூனையும் இருளில் இருக்கின்றனர். தான் சிறுவனாக இருந்தபோது இடிக்கு அஞ்சிக் கட்டிலின் கீழ் ஒளித்ததையும், தன் நாய் வெளியே மழையில் அகப்பட்டதை எண்ணி அதனைத் தேடிப் புறப்பட்டதையும் பாட்டனார் கூறுகின்றார். தனக்கு அச்சமில்லை என்று சாதிக்கும் சிறுவன், தனியே இருந்திருந்தால் ஒருவேளை அஞ்சியிருக்கக்கூடும் என்று ஈற்றில் ஒப்புக்கொள்கின்றான். "நானும் அஞ்சினேன்" என்று பெரியவர் ஒருவர் கூறும்போது, பிள்ளையின் அச்சத்திலிருந்த நாணம் நீங்குகின்றது. நாணம் நீங்கிய பின்னரே அச்சத்தைப் பற்றிப் பேச முடிகின்றது.

நான்காவது, பற்றீசியா பொலாக்கோ எழுதி வரைந்து 1990 இல் வெளியிட்ட 'இடிக் கேக்'. மிச்சிகன் மாநிலத்துப் பண்ணையில், உருசிய நாட்டிலிருந்து வந்த பாட்டியாரோடு தங்கியிருக்கும் சிறுமி, இடி கேட்டுக் கட்டிலின் கீழ் ஒளிகின்றாள். பாட்டியார் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இஃது இடிக் கேக் சுடுவதற்கேற்ற நாள் என்கின்றார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணச் சொல்லிக் கற்பிக்கின்றார். புயல் வந்து சேருமுன் கேக்கை அடுப்பில் வைத்துவிட வேண்டும். கொத்தும் கோழியிடம் முட்டை எடுக்கவும், உதைக்கும் மாட்டிடம் பால் கறக்கவும், கொடிப்பந்தலில் ஏறித் தக்காளி பறிக்கவும் சிறுமி செல்கின்றாள். எண்ணிக்கை குறைந்து வருகின்றது, இடி நெருங்குகின்றது, வேலையும் முடிகின்றது. அஞ்சும் பிள்ளை இவற்றையெல்லாம் செய்திருக்க முடியுமா என்று, அவள் செய்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டிப் பாட்டியார் வினவுகின்றார். துணிவு என்பது அறிவுரையாகத் தரப்படவில்லை. அவள் செய்த செயல்களிலிருந்து எடுத்துக் காட்டப்படுகின்றது. நான்கு நூல்களுள் இதுவே நம் நோக்கத்துக்கு மிகச் சிறந்தது.

எனினும் குற்றங் கூறாது விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. எண்ணிய எண்ணே புயல் நிற்கும் மைல் தொலைவு என்று இந்நூற் பாட்டியார் கூறுகின்றார். இது பிழை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆதலின் மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர், ஐந்து வினாடிக்கு ஒரு மைல் என்பதே ஏறத்தாழச் சரியான கணக்கு. மேலும் இடி கேட்கத் தொடங்கிய பின்னர் வெளியே திரிவதும் உயர ஏறுவதும் பின்பற்றத்தக்கனவல்ல. இடி காதிற் கேட்கும் தொலைவு மின்னல் தாக்கக்கூடிய தொலைவுமாகும். கேட்டவுடன் வீட்டுக்குள் செல்லுதலும், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே செல்லாதிருத்தலும் காவல். நம் நாட்டிற் சித்திரை மாதத்தை ஒட்டியும், ஐப்பசி கார்த்திகை மாதங்களிலும் மின்னல் மிகுதி; ஆண்டுதோறும் உயிரிழப்பும் நேர்கின்றது. அஞ்சவேண்டியதை அறிந்து ஒதுங்குதல் அறிவுடைமை என்று வள்ளுவரும் வற்புறுத்தினாரன்றோ? ஆகவே இடியின் ஓசைக்கு அஞ்சாமையையும், மின்னலுக்கு ஒதுங்கும் விழிப்பையும் ஒருங்கே கற்பித்தல் வேண்டும். சீனவெடியும் அத்தகையதே. செவிக்கருகில் வெடித்தால் செவிப்புலனுக்குத் தீங்கு விளைக்கும்; அதற்கு விலகி நிற்கும் பிள்ளையைக் கோழை என்றல் தகாது.

நம்மிடமுள்ள கருவிகள்

மேற்கூறிய நூல்களின் உட்பொருள் நமக்குப் புதியதன்று. இடி இடிக்கும்போது "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும்படி நம் பாட்டிமார் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அருச்சுனனுடைய பெயர்கள் பத்தையும் சொல்லுவாரும் உண்டு. சமய நம்பிக்கை ஒருபுறமிருக்க, இதன் உளவியற் பயனை நோக்குதல் தகும். நடுங்கும் பிள்ளைக்கு வாயினாற் செய்வதற்கு ஒரு செயல் கிடைக்கின்றது. அச்செயலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கின்றது. வீட்டார் எல்லாரும் சேர்ந்து சொல்கின்றனர். மிச்சிகன் பாட்டியார் எண்களைக் கொண்டு செய்ததை நம் பாட்டியார் பெயர்களைக் கொண்டு செய்தார்.

மற்றொரு கருவி நம் மொழியிலேயே உள்ளது. கடகட, மடமட, சடசட, படபட, தடதட என வரும் இரட்டைக்கிளவிகள் தமிழில் நிறைந்துள்ளன. இவை பிரித்தாற் பொருள் தாரா, இரட்டித்தே நிற்பவை. பாலர்க்கு இவற்றைச் சொல்லுதல் விளையாட்டு. வானம் கடகடவென்று முழங்கிற்று என்று படிக்கும் ஆசிரியரோடு சேர்ந்து பிள்ளையும் 'கடகட' என்னும்போது, வெளியிலிருந்து தாக்கிய ஓசை அதன் நாவில் விளையாடும் ஓசையாகின்றது. ஓசைக்கு அஞ்சியவனே ஓசை எழுப்புவோனாகிவிடுகின்றான். வேற்றுமொழி நூலை மொழிபெயர்க்கும்போது இந்நலத்தைக் கைவிடாது காத்தல் வேண்டும்.

தமிழிற் பாலர் படநூல்கள் முன்னைப்போல் அரியனவல்ல. 1996 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தூலிகா பதிப்பகம் தமிழிலும் படநூல்களை வெளியிட்டு வருகின்றது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்ரோறிவீவர் என்னும் இணைய நூலகத்திற் பல தமிழ்ப் படநூல்களைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆயினும் நம் பிள்ளைகள் கேட்கும் ஓசைகளைக் கொண்ட நூலை நாமே ஆக்குவது மேலும் நன்று.

போரும் பேரொலியும்

இப்பொருளை வடக்குக் கிழக்கு மாகாணங்களில் வாழும் ஆசிரியர் ஆராயும்போது, ஒன்றைக் கூறாது மேற்செல்லல் இயலாது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இங்கு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேரொலி ஒரு கற்பனை அச்சமாக இருந்ததில்லை. விமானத்தின் இரைச்சலும் எறிகணையின் ஓசையும் கேட்டவுடன் பங்கருக்குள் ஓடுதல் அன்று உயிர் காத்த அறிவு. "ஒன்றுமில்லை" என்று அன்று கூறியிருந்தால் அது பொய்யாகும். அப்பிள்ளைகளே இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் விளங்குகின்றனர். தைப்பொங்கலன்று அயல்வீட்டில் வெடி கொளுத்தும்போது, போரையறியாத பிள்ளையின் அருகில் நிற்கும் தந்தையின் உடல் அவரறியாமலே ஒருகணம் ஒடுங்குகின்றது. பிள்ளை முதலில் வெடியைப் பார்ப்பதில்லை. தந்தையின் முகத்தைப் பார்க்கின்றது.

இரண்டாம் உலகப்போரில் இலண்டன் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, அங்கே சிறுவர் காப்பகங்களை நடத்திய அன்னா புறொயிட், டொறதி பேர்லிங்கம் என்னும் இருவரும் 1943 இல் வெளியிட்ட நூலில் இதனை எழுதியுள்ளனர். தாய் அமைதியாயிருந்தவிடத்துச் சிறு குழந்தைகள் குண்டோசைக்கு மிகுதியாகக் கலங்கவில்லை. தாய் நடுங்கியவிடத்து அவர்களும் நடுங்கினர். 2002 இல் அவுஸ்திரேலியாவிற் ஜெறல், றாப்பீ என்போர் நடத்திய ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. ஒன்றரை வயதை அண்டிய குழந்தைகளுக்கு இறப்பர்ப் பாம்பையும் இறப்பர்ச் சிலந்தியையும் காட்டினர். தாயின் முகத்தில் வெறுப்பும் அச்சமும் கண்ட குழந்தைகள் அப்பொருளை அணுகாது விலகின. மலர்ந்த முகம் கண்டவை அணுகின. தாயின் முகமே பிள்ளையின் முதற் படநூல் என்று கூறின் மிகையாகாது.

படநூலின் பயனுள் நாம் பெரிதும் எண்ணாத பகுதி இங்கேதான் உள்ளது. பிள்ளைக்காக இடியைப் பற்றிய நூலை உரத்துப் படிக்கும் தந்தை, தன் குரலை அமைதியாக்கிக்கொள்ளப் பழகுகின்றார். வீட்டில் என்றும் பேசப்படாத ஒன்றைப் பேசுதற்கு, பாட்டனார் ஒருவரின் கதை அவருக்கு வாயில் திறந்துவிடுகின்றது. "நானும் உன் வயதில் ஓசைக்குப் பயந்தேன், அப்போது பயப்படக் காரணம் இருந்தது, இப்போது இது பொங்கல் வெடி" என்று கூற அவரால் முடிந்தால், பிள்ளைக்கு உண்மையும் கிடைக்கின்றது, ஆறுதலும் கிடைக்கின்றது. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பது போதாது.

எனினும் நூல் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. இருளுக்கு அஞ்சிய, ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள ஒன்பது பிள்ளைகளுக்குப் பெற்றோர் கதைநூலொன்றைப் படித்து விளையாட்டுகளும் செய்வித்த அமெரிக்க ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. பெரும்பாலோர் குறிப்பிடத்தக்க நலம் பெற்றனர். இத்தகைய ஆய்வுகள் நம்பிக்கை தருவனவே. ஆனால் அவை சிறியன. ஓசை கேட்டபின் நெடுநேரம் உறைந்து நிற்றல், நாள்தோறும் கெட்ட கனவு, பள்ளிக்கு வர மறுத்தல், பேச்சுக் குறைதல் முதலியன கண்டால் வைத்தியசாலை உளநலப் பிரிவின் உதவியை நாடுதல் வேண்டும். மெல்லிய ஓசைக்கும் காதைப் பொத்தும் பிள்ளையின் செவியைச் சோதித்தல் வேண்டும். ஓட்டிசம் உடைய பிள்ளைகள் பலர்க்கு ஓசை உண்மையிலேயே துன்பந் தருவது. அவர்களைப் பழக்குவதினும் ஓசையைக் குறைப்பதே முதற்கடன்.

வகுப்பறையிற் செய்யத்தக்கவை

நூலைப் படிப்பதற்குரிய வேளை இடி முழங்கும் வேளையன்று. வானம் தெளிந்த நாளிற் பலமுறை படித்த நூலே முழங்கும் நாளில் நினைவுக்கு வரும். தாளைப் பிள்ளையே புரட்டட்டும். ஓசை வரும் பக்கத்தை ஆசிரியர் முதலில் மெல்லிய குரலிற் படித்து, பிள்ளைகள் கேட்டுக்கொண்டாற் குரலை உயர்த்தலாம். முன்னறிவிப்பின்றி மேசையைத் தட்டித் திடுக்கிடச் செய்தல் ஆகாது. அது அல்பேட்டுக்குச் செய்ததையே செய்வதாகும். அதே நூலை மீண்டும் படிக்கும்படி பிள்ளை வேண்டினாற் சலிப்படைதலும் ஆகாது. அடுத்து வருவது இன்னதென அறிந்திருத்தலே அது தேடும் இன்பம்.

ஒரு தவணையில் ஒவ்வொரு கீழ்ப்பிரிவு வகுப்பும் தனக்கென ஓர் ஓசை நூலை ஆக்கலாம். வரைதல் தாள்கள் நான்கை மடித்துத் தைத்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். மழைத்துளி, கடிகாரம், தையல் இயந்திரம், மா இடிக்கும் உலக்கை, பிரசர் குக்கர், உழவு இயந்திரம், அரிசி ஆலை, புகையிரதம், கோயிற் சேமக்கலம், தவில், சீனவெடி, இடி என மெல்லோசையிலிருந்து வல்லோசைக்கு ஏறுமாறு பக்கங்களை ஒழுங்குசெய்க. ஒவ்வொன்றையும் பிள்ளைகளே வரைந்து, அதற்கேற்ற ஒலிக்குறிப்புச் சொல்லைக் கீழே எழுதட்டும். ஓசையை எழுப்புவது எது, ஏன் எழுப்புகின்றது, கேட்டவுடன் நாம் செய்யவேண்டியது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு ஒவ்வொரு பக்கமும் விடை தரல் வேண்டும். மேல்வகுப்பு மாணவர் இடியின் தொலைவைக் கணிக்கும் பக்கத்தை எழுதிக்கொடுக்கலாம். செலவு சிறிது, பயனோ வகுப்பின் எல்லைக்கு அப்பாலும் செல்வது, ஏனெனில் அந்நூலைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுசென்று பெற்றோரைக்கொண்டு படிப்பிப்பர்.

கல்வியின் பயன்களுள் அஞ்சாமையும் ஒன்றென நாம் மேடைதோறும் பேசுகின்றோம். அஞ்சாமை உயர்வகுப்பிற் சொற்பொழிவாற் புகட்டப்படுவதினும், பாலர் வகுப்பில் ஒரு மடியிலும் ஒரு தாளிலும் தொடங்குதலே இயல்பு. ஐப்பசி மழையின் முதல் இடி முழங்கும் மாலையில், நம் பிள்ளை கட்டிலின் கீழ் ஒளிவதை விடுத்து, மின்னலைக் கண்டு ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்குமாயின், நாம் கற்பித்தவற்றுள் அது சிறியதொன்றாகாது.